ஒரு வாய்க் காற்று

“செவுளைக் காட்டு,” என்றான் உளுவை.

நீர் வற்றிக் கிடந்த வளை வாசலில் நின்றவள் கழுத்தைத் திருப்பினாள். செவுள் இருந்த இடத்தைத் தோல் மூடியிருந்தது.

“போயிடுச்சுண்ணே. நான் செம்புள்ளி. கண்ணைப் பாரு, தெரியும்.”

மீனும் நண்டும் முறை சொல்லிக் கூப்பிட்டுப் பேசிக்கொண்ட அந்தக் காலத்தில், பூச்சிகளைத் தவிர உயிர்கள் எல்லாம் தண்ணீருக்குள்தான் இருந்தன. உளுவை, கழிமுகத்துச் சேற்றில் வளை தோண்டி வாழ்ந்த மீன். ஆழத்துத் தாய் சேற்றைப் பிசைந்து ஒவ்வொருவரையும் ஒரே ஒரு முறைதான் செய்தாள், செய்ததை மாற்றமாட்டாள் என்பது அவர்கள் நம்பிக்கை. உளுவை அதை விட்டு ஒரு அங்குலம் நகராதவன். அவன் தங்கைதான் ஒருநாள் நீர் வற்றியபோது அலையாத்தி மர வேர்களைத் தாண்டிக் கரையேறினாள். அங்கே தின்னப் பூச்சிகள் இருந்தன. துரத்த யாரும் இல்லை. முதலில் போய்ப் போய்த் திரும்பினாள். பிறகு திரும்பவில்லை. துடுப்பு இருந்த இடத்தில் இப்போது கால்கள், கால்களில் விரல்கள்.

“அம்மாவுக்கு முடியலைன்னு நண்டு மாமா சொல்லி அனுப்பினாரு. முகத்தைப் பார்த்துட்டுப் போயிடறேன்.”

அம்மா நீர் நிறைந்த உள்ளறையில் கிடந்தாள். சாகிற தாய் கடைசியாக வெளிவிடும் நீரைப் பிள்ளைகள் செவுளோடு செவுள் வைத்து வாங்கிக்கொள்வது அவர்கள் வழக்கம். வாங்கியவர்தான் பிள்ளை.

“கடைசித் தண்ணிய எதுல வாங்குவே? அவ குடுத்ததத் தொலைச்சிட்டு வந்து நிக்கிறே.”

“வாங்க வேணாம். பார்த்தாப் போதும். ஆனா தண்ணிக்குள்ள எனக்கு ரொம்ப நேரம் மூச்சு நிக்காது. நீ ஒரு வாய்க் காத்தைக் கவ்விட்டுப் போய் உள்ளறையில விடு. கூரையில தங்கும். மூச்சை அடக்கிட்டு வந்து அதை வாங்கிக்கறேன்.”

“காத்தையா? என் வாயிலயா?”

பக்கத்து வளையிலிருந்து நண்டு மாமா கண்களை நீட்டினார். “நான் எத்தனை தடவை ஓட்டைக் கழட்டிப் போட்டுட்டு வீட்டுக்குப் போயிருக்கேன். நீ யாருன்னு என் பொண்டாட்டி ஒருநாளும் கேட்டதில்லப்பா.”

“கேட்டிருந்தா நல்லா இருந்திருக்கும்னு அத்தை சொல்லுவாங்க,” என்று செம்புள்ளி சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு மாறவில்லை. உளுவைக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததும்தான் பயம் வந்தது. இவள் அவள்தான் என்றால், ஆழத்துத் தாய் செய்தது மாறும். அவன் சட்டென்று உள்ளே புகுந்து, சேற்றை வாயால் அள்ளி அள்ளி வாசலை அடைத்தான்.

“யாரு வந்தது?” என்றாள் அம்மா.

“யாரோ வழி தப்பி வந்திருக்காங்கம்மா.”

அம்மா செவுளை ஒருமுறை விரித்து மூடினாள். பிறகு, “மேல அவளுக்கு மூச்சு நல்லா வருதாமா?” என்று கேட்டாள்.

அவன் தன் செவுளை அவள் செவுளருகே கொண்டுபோனான். அம்மா முகத்தை வாசல் பக்கம் திருப்பிக்கொண்டாள். கடைசி நீர் அவனிடம் வராமல் சேற்றில் கலந்தது.

அடைப்பை உடைத்துக்கொண்டு அவன் வெளியே வந்தபோது, வாசல்வரை வந்த விரல் தடங்கள் கரைப்பக்கம் திரும்பிப் போயிருந்தன.

“கூப்பிட்டுப் பார்த்தா,” என்றார் நண்டு மாமா. “தண்ணி ஏற ஆரம்பிச்சுது. போயிட்டா.”

உளுவை துடுப்புகளை ஊன்றித் தடங்களின் பின்னால் தத்தித் தத்திப் போனான். அலையாத்தி வேர்கள் முடியும் இடத்தில் தோல் காய்ந்து எரிந்தது. அதற்கு மேல் போக முடியவில்லை. ஏறிய நீர் தடங்களை அழித்தது.

செம்புள்ளி பிறகு வரவில்லை. நிலத்தில் நடக்கும் எல்லோரும் அவள் வழி வந்தவர்கள்.

உளுவை நீர் வற்றியதும் சேற்றில் ஏறி, தலைக்கு மேல் துருத்திய கண்களால் கரையைப் பார்த்துக் கிடப்பது அன்று தொடங்கியதுதான். நீர் ஏறும்போது அது ஒரு வாய்க் காற்றைக் கவ்விக்கொண்டு வளைக்குள் இறங்குகிறது. உள்ளறையின் கூரையில் அதை விட்டுவிட்டு, இன்னொரு வாய்க்காக மேலே வருகிறது.