பலவேசம் முகத்தில் வரப்பு கட்டிய கதை

கருவமேட்டில் ஒரு காரியத்தைச் சொன்னால் சொன்னபடியே செய்வார்கள். அந்த ஊரைப் பிடித்த சனியனே அதுதான். "அடுப்பைப் பார்த்துக்கோ" என்று ஒருத்தனை உட்கார வைத்துவிட்டுப் போனால், சோறு கருகிப் புகை மண்டினாலும் அவன் பாட்டுக்கு அடுப்பைப் பார்த்துக்கொண்டிருப்பான். கேட்டால், "சோத்தைப் பாக்கச் சொல்லலியே" என்பான். பதில் சொல்ல முடியுமா? முடியாது.

தூத்துக்குடிக்குத் தெற்கே, உப்பளங்களுக்கு நடுவில் கிடக்கிற ஊர் அது. அங்கே பலவேசம் என்று ஒருத்தன். வயசு முப்பத்தெட்டு, மீசை முளைத்த நாளிலிருந்து உப்பு வாருகிறான். உப்பளத்து வெயில் மேலேயிருந்து மட்டுமா அடிக்கும்? கீழே உப்பில் பட்டு எகிறி, மோவாய்க்கு அடியிலும் அடிக்கும். அப்படி இரண்டு பக்கமும் வாட்டி வாட்டி, அவன் முகம் கறுத்து, திட்டுத் திட்டாகி, நெற்றியிலும் கன்னத்திலும் சுருக்கம் விழுந்து, அறுபது வயசு ஆள் மாதிரி ஆகிவிட்டது.

சித்திரையில் பெண் பார்க்கப் போனார்கள். பெண் பெயர் செல்லக்கனி. தையல் கடை வைத்திருக்கிறாள். அவளுடைய அப்பா வைகுண்டம் வாசலுக்கே ஓடிவந்து பலவேசத்தைக் கட்டிப்பிடித்து, "வாங்க சம்மந்தி! மாப்பிள்ளைய எங்க காணோம்?" என்றார். பலவேசமும் திரும்பிப் பின்னால் பார்த்தான். மாப்பிள்ளையைக் காணோம்தான். பிறகுதான் அது தான்தான் என்று அவனுக்கு நினைவு வந்தது. அவமானத்தில் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய் உட்கார்ந்தான். ஆனால் காப்பி கொண்டுவந்த செல்லக்கனி அவனைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தாள் பாருங்கள், அதோடு ஆள் காலி. கட்டினால் இவளைத்தான் கட்டுவது என்று முடிவே செய்துவிட்டான்.

வைகுண்டம் கொஞ்சம் யோசித்தார். "ஆடி கழியட்டும். ஆவணியில மாப்பிள்ளை வீடு பாக்க வாரோம். அப்பம் முகத்தையும் இன்னொரு தடவை நிதானமாப் பாத்துக்கிடுதோம்" என்றார்.

"குடும்பத்தோட வாங்க" என்றார் ஆறுமுகநயினார். இவர் பலவேசத்தின் அக்கா மாப்பிள்ளை. கருவமேட்டிலேயே பெரிய அறிவாளி என்று பெயர் எடுத்தவர்.

அப்புறம் பலவேசம், நயினார், பலவேசத்தின் தம்பி லிங்கதுரை மூன்று பேரும் டவுனில் தோல் டாக்டரம்மாவிடம் போனார்கள். அந்த அம்மா முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஒரு டியூப்பை எழுதிக் கொடுத்தார்.

"இது சுருக்கத்தைக் குறைக்கும், வெயில் பட்ட தோலையும் சரி பண்ணும். ஆனா பொறுமை வேணும், பலன் தெரிய மாசக்கணக்கு ஆகும். ராத்திரி மட்டும் போடுங்க. முகம் நல்லாக் காஞ்ச பிறகு, ஒரு பட்டாணி அளவு. கண்ணு, வாய் ஓரத்துல படக் கூடாது. முதல்ல வாரத்துக்கு ரெண்டு ராத்திரி போதும். லேசாத் தோல் உரியும், பயப்படாதீங்க. பகல்ல சன்ஸ்கிரீன் போடுங்க. வெயிலுக்கு முகத்தைக் காட்டாதீங்க."

மூன்று பேரும் ஒரு சொல் சிந்தாமல் வாங்கிக்கொண்டு வந்தார்கள்.

முதல் ராத்திரியே சபை கூடியது.

"பட்டாணின்னா எந்தப் பட்டாணி?" என்றார் நயினார். "பச்சைப் பட்டாணியா, வறுத்த பட்டாணியா?"

"வறுத்ததுன்னா சின்னதா இருக்கும், மருந்து மிச்சம் ஆகும்" என்றான் லிங்கதுரை.

"மருந்துல கஞ்சம் பிடிச்சா முகத்துல பாதிதான் சரியாகும்டே. இவன் பாதிக் கல்யாணமா பண்ணப் போறான்?"

கடைசியில் காய்ந்த பட்டாணி ஒன்றை வாங்கி, நல்ல பெரிசாக ஊறட்டும் என்று தண்ணீரில் போட்டார்கள். அது ஊறிக் கொழுத்து கோலிக்குண்டு மாதிரி ஆனது. சரியாக அந்த அளவுக்கு மருந்தைப் பிதுக்கினார்கள். பிதுக்கிய பிறகுதான் நயினாருக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"மாப்ள, இது கன்னத்துக்கு மட்டுமா, முழு முகத்துக்குமா?"

"சொல்லலியே அத்தான்."

"அப்பம் நெத்திக்கு ஒரு பட்டாணி, கன்னத்துக்கு ஆளுக்கொரு பட்டாணி, மோவாய்க்கு ஒண்ணு. யாருக்கும் மனக்குறை இருக்கக் கூடாது."

முகத்தைக் கழுவியாயிற்று, இனி அது காய வேண்டும். இங்கேதான் பெரிய சிக்கல். உப்பளத்து ஆட்களுக்கு ஒரு பொருள் காய வேண்டுமென்றால் வெயில் வேண்டும். வெயிலுக்கு முகத்தைக் காட்டக் கூடாது. ராத்திரியில் வெயிலும் கிடையாது.

"வெயில் இல்லாமலா காயும்? பாத்தியில தண்ணி நிக்கும்போது ராத்திரி காஞ்சு பாத்திருக்கியா?" என்று லிங்கதுரை கவலைப்பட்டான்.

"வெயில் இல்லைன்னா காத்து" என்றார் நயினார்.

அப்புறம் என்ன? பலவேசத்தை மொபெட்டின் முன்னால் உட்கார வைத்து, ஊரை ஏழெட்டு தடவை சுற்றி வந்தார்கள். முகம் நன்றாகத்தான் காய்ந்தது. ஒட்டியிருந்த கொசுவையும் பூச்சியையும் மட்டும் துணி வைத்துத் துடைக்க வேண்டியிருந்தது.

"கண்ணுல வாயில படக் கூடாதுன்னாவளே" என்று பலவேசம் பயந்தான். "மருந்து வழிஞ்சு போனா?"

நயினார் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். "ஏல, உப்பளத்துல பிறந்துட்டு இப்படிக் கேக்கியே. தண்ணி போகக் கூடாத இடத்துக்கு நாம என்ன செய்வோம்?"

"வரப்பு கட்டுவோம்."

அளத்திலிருந்து களிமண் கொண்டுவந்தார்கள். கண்ணைச் சுற்றி ஒரு வரப்பு, வாயைச் சுற்றி ஒரு வரப்பு. மூக்குக்கு இரண்டு பக்கமும் நீளமாக ஒன்று. காலால் மிதித்துக் கெட்டிப்படுத்தலாம் என்று லிங்கதுரை சொன்னதைப் பலவேசம் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. பாத்தி பாத்தியாகப் பிரிந்த முகத்தில் மருந்தை நிரப்பி, மடை எதுவும் உடையாமல் இருக்க விடிய விடிய மல்லாக்கப் படுத்துக் கிடந்தான் பாவம். செல்லக்கனியை நினைத்துக்கொண்டே கிடந்தான், அதனால் கஷ்டம் தெரியவில்லை.

காலையில் வேலைக்குப் போனால் வெயில். முகத்தைக் காட்டக் கூடாது. சரி, முதுகைக் காட்டினால் ஆயிற்று. காலையில் மேற்கே பார்த்து உப்பு வாரினான், சாயங்காலம் கிழக்கே பார்த்து வாரினான். உச்சி வேளையில்தான் திண்டாட்டம். சூரியன் தலைக்கு நேரே நிற்கும்போது எந்தப் பக்கம் திரும்புவது?

"குப்புறப் படு" என்றார் நயினார்.

சுடு உப்பில் குப்புறப் படுத்தான். சன்ஸ்கிரீன் டியூப்பு மட்டும் வீட்டுப் பரணில் பத்திரமாக இருந்தது. வெயிலுக்கு முகத்தையே காட்டாதவன் அதை எதற்குப் போட வேண்டும் என்று நயினார் கேட்டார், அதுவும் நியாயம்தான்.

நாலைந்து நாளில் பலவேசத்தின் முகம் மிளகாய்ப் பழம் மாதிரி சிவந்து, எரிந்து, கன்னமெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பூத்தது. லிங்கதுரை பார்த்ததும் குதித்துக்கொண்டு ஓடினான்.

"அத்தான், அண்ணன் முகத்துல விளைஞ்சிட்டு!"

நயினார் வந்து குனிந்து பார்த்தார். உப்பு விளைகிற பாத்தியில் முதலில் இப்படித்தான் வெள்ளையாக ஆடை கட்டும். விரலில் தொட்டு நாக்கில் வைத்தார்.

"கரிக்கவே இல்லையே."

"முதல் வாரல் அப்படித்தான் இருக்கும் அத்தான். பலகையை எடுத்துட்டு வரவா?"

"வாருனா இன்னைக்கே வாரிரணும், மழை வந்தா கரைஞ்சிரும்."

உப்பு வாருகிற பலகையோடு இரண்டு பேரும் நெருங்கி வந்ததைப் பார்த்த பலவேசம், எழுந்து எடுத்தான் பாருங்கள் ஓட்டம், டாக்டரம்மா ஆஸ்பத்திரி வாசலில்தான் வந்து நின்றான். பலகையோடு துரத்தி வந்த இரண்டு பேருக்கும் முன்னாலேயே அங்கே உட்கார்ந்து அழுதே விட்டான். "சுருக்கம் போகலைன்னாலும் பரவால்ல அம்மா, இருந்த முகத்தையாவது திருப்பிக் கொடுங்க. ஆவணியில பொண்ணு வீட்டுக்காரவுக பாக்க வருவாக."

டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். "முழு முகத்துக்கும் சேர்த்துத்தான் ஒரு பட்டாணி அளவு, ஐயா! காயாத பட்டாணி, ஊறாத பட்டாணி! எரிச்சல் அடங்குற வரைக்கும் இந்த மருந்தையே தொடாதீங்க, மாய்ஸ்சரைசர் மட்டும் போடுங்க. ஆறின பிறகு வாரத்துக்கு ரெண்டு ராத்திரி, தோல் தாங்குதான்னு பாத்துப் பாத்துக் கூட்டலாம். உரியுறதைப் பிய்க்காதீங்க. முகத்தைக் கழுவிட்டு, துண்டால ஒத்தி எடுத்துட்டு, சும்மா கொஞ்ச நேரம் உக்காருங்க, காஞ்சுரும். மொபெட் வேண்டாம். களிமண் வேண்டவே வேண்டாம். காலையில சன்ஸ்கிரீன், தலைக்குத் தொப்பி. படுக்காதீங்க, நில்லுங்க. அப்புறம், இதைக் கர்ப்பமா இருக்கிறவங்க உபயோகிக்கக் கூடாது. யாரும் தெரியாம எடுத்துப் போட்டுரக் கூடாது, கேட்டு வச்சுக்கோங்க."

இந்தத் தடவை சொன்னபடி செய்ததில் ஒரு கெடுதலும் வரவில்லை. சொன்னதே சரியாக இருந்தால் கருவமேட்டுக்காரனைப் போல ஒரு நோயாளி உலகத்தில் கிடையாது. பலவேசம் ஒரு ராத்திரியும் கூட்டவில்லை குறைக்கவில்லை. ஆடி பிறக்கும்போது திட்டெல்லாம் மங்கி, சுருக்கம் இளகி, தொப்பிக்குக் கீழே முப்பது வயசுப் பையன் ஒருத்தன் எட்டிப் பார்த்தான்.

ஆவணியும் வந்தது. பகலில் வந்தால் வெயிலில் நின்று வரவேற்க வேண்டும் என்பதால், விளக்கு வைக்கிற நேரத்துக்கு வரச் சொல்லியிருந்தார்கள். வேன் வந்து நின்றது. யாரும் இறங்குவதற்குள் லிங்கதுரை முன்னால் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"உங்கள்ல கர்ப்பமா இருக்கிறவுக யாரு? பொண்ணா?"

பெண்ணின் அத்தை அலறினாள். "என்னலே கேக்க? கட்டைல போறவனே! வண்டியைத் திருப்புங்க!"

பலவேசத்துக்கு உயிரே போய்விட்டது. எல்லாம் போச்சு, இனி அவள் கிடைக்க மாட்டாள் என்று அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டான். ஆனால் வைகுண்டம் கையை உயர்த்தி அத்தையை அடக்கினார்.

"பொறு. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லணும்லா? பொண்ணு இல்லப்பா. எங்க அண்ணன் மருமக இருக்கா, ஏழு மாசம். அவ வேன்லயே இருக்கட்டுமா?"

"இறங்கலாம். மருந்தை மட்டும் தொட வேண்டாம்" என்றான் லிங்கதுரை. அத்தைதான் முதலில் இறங்கினாள்.

மாப்பிள்ளை வீடு பார்க்கப் பெண் வருகிற வழக்கம் கிடையாது. ஆனால் நயினார் குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தாரே, செல்லக்கனியும் வந்திருந்தாள். முகத்தில் துணி கட்டியிருந்தாள். அதை அவிழ்த்ததும் எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். கறுத்து, வறண்டு, கண்ணோரம் சுருக்கம் விழுந்து, சித்திரையில் பார்த்த பெண்ணுக்குப் பெரியம்மா மாதிரி இருந்தாள்.

"என்னம்மா ஆச்சு?" என்று பதறினான் பலவேசம்.

"அன்னைக்கு எங்கப்பா சம்மந்தின்னு கூப்பிட்டதும் உங்க முகம் வாடிப்போச்சுல்லா. எனக்கு மனசே கேக்கல. நாளைக்கு மண்டபத்துல நாலு பேரு அப்பனும் மகளும்னு சொல்லிரக் கூடாதுன்னு, அன்னைக்கிருந்து மொட்டை மாடியில முகத்தைக் காயப்போட்டேன்." அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். பார்த்ததும் அழுகை வந்துவிட்டது. "நீங்க இப்படிச் சின்னப் பையனா வந்து நிக்கிறியளே!"

பலவேசத்துக்கும் கண் நிறைந்துவிட்டது. தனக்காக வெயிலில் நிற்க ஒருத்தி இருந்திருக்கிறாளே என்று சந்தோஷம் தாங்கவில்லை.

பெரியவர்கள் கூடிப் பேசினார்கள்.

"பொருத்தம் இல்லையே" என்றார் வைகுண்டம்.

"இனிமே பொண்ணு மருந்து போடட்டும், எங்க மாப்ள தொப்பியைக் கழட்டட்டும்" என்றார் நயினார். "ரெண்டு முகமும் எப்பம் ஒண்ணுபோல ஆகுதோ, அப்பம் பூ வைப்போம். லிங்கதுரை, நீ கண் கொட்டாமப் பாத்துட்டே இரு. ஒண்ணுபோல ஆன உடனே சொல்லு."

லிங்கதுரை இரண்டு பேரையும் எதிரெதிரே நிற்க வைத்துப் பார்க்க ஆரம்பித்தான். பார்த்துக்கொண்டே இருக்கும்போது கரண்ட் போய்விட்டது.

"ஆயிட்டு!" என்று இருட்டில் கத்தினான். "ஒரு வித்தியாசமும் தெரியல!"

எல்லோரும் உற்றுப் பார்த்தார்கள். உண்மைதான். அப்படியொரு பொருத்தம். உடனே குலவை போட்டு, தட்டுத் தடுமாறி, அவள் தலை எது என்று தடவிப் பார்த்துப் பூ வைத்தார்கள். கரண்ட் வந்ததும் வைகுண்டம்தான் ஓடிப்போய் மெயினை அணைத்தார், கூடி வந்த பொருத்தம் கெட்டுவிடக் கூடாதே என்று.

கல்யாணமும் அதேபோல ஒரு பல்பு இல்லாமல் ஜாம் ஜாமென்று நடந்தது. பிளாஷ் போடக் கூடாது என்று போட்டோக்காரரிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். அவரும் கருவமேட்டுக்காரர்தான், போடவில்லை. தடித்த அட்டை போட்ட அந்த ஆல்பத்தை வீட்டுக்கு யார் வந்தாலும் செல்லக்கனி எடுத்துக் காட்டுகிறாள். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் கன்னங்கரேலென்று இருக்கிறது. அவள் ஒவ்வொரு படத்திலும் விரலை வைத்து, "இது அவுக, இது நான்" என்று சொல்லிக்கொண்டே வருவாள். சில சமயம் பலவேசம் குனிந்து பார்த்துவிட்டுத் திருத்துவான்: "இல்லடி, அது நான்."