கீரி கத்திய "அவுட்!"

வற்றிப்போன ஏரியின் களிமண் தரையில் காட்டு விலங்குகள் டென்னிஸ் ஆடிக்கொண்டிருந்தன. அங்கே பந்து விழுந்தால் தடம் அப்படியே பதியும்.

அவற்றில் ஒரு கீரி. என்ன ஓட்டம்! என்ன அடி! மலைக்காட்டுப் பெரிய போட்டிக்குப் போக வேண்டும் என்று மூன்று வருஷமாக அதற்கு ஆசை. உள்ளூர்ப் போட்டியில் ஜெயிக்கிற ஒருவருக்குத்தான் அந்த இடம். அடுத்த வருஷம் கீரிக்கு வயசு தாண்டிவிடும். இதை விட்டால் வேறு வாய்ப்பே இல்லை.

அதன் கோச் ஓர் உடும்பு. இவ்வளவு நன்றாக ஆடுகிற பிள்ளைக்கு அது என்ன சொல்லிக்கொடுத்தது தெரியுமா? கேட்டால் வயிறு எரியும்!

"டேய், ஃபைனலுக்கு முன்னாடி நடுவர் கிடையாது. உன் பக்கம் விழுற பந்து உள்ளேயா வெளியேயான்னு நீதான் சொல்லணும். கோட்டுக்கிட்ட வந்தா யோசிக்காதே. விரலைத் தூக்கி 'அவுட்'னு கத்து!"

"கோட்டுல பட்டா அது உள்ளேதானே கோச்?"

"எதிர்த்துப் பேசாதே! கத்தின கையோட வாலால தடத்தை அழிச்சிடு. அப்புறம் எவன் வந்து பார்க்கிறது?"

இதற்கென்றே தினமும் ஒரு மணி நேரம் பயிற்சி! உடும்பு கோட்டருகே நூறு பந்து போடும். கீரி நூறு தடவை விரலைத் தூக்கும், கத்தும், வாலை வீசும். அட அநியாயமே!

முதல் ஆட்டத்தில் முயல் அடித்த பந்து கோட்டின் மேலேயே விழுந்தது.

"அவுட்!" கீரியின் வால் சர்ரென்று வீசியது.

"அடப்பாவி! கோட்டுச் சுண்ணாம்பு பறந்துச்சே! நான் பார்த்தேனே!" என்று முயல் பதறியது. பார்த்து என்ன பயன்? தடத்தைக் காணோம். முயல் அழுதுகொண்டே போனது.

அன்றைக்குக் கீரிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் அடுத்தடுத்து ஜெயித்ததும் பழகிவிட்டது. தான் சொல்வது பொய் என்ற நினைப்பே அதற்கு மறந்துபோனது.

ஃபைனல் வந்தது. எதிரே சின்னஞ்சிறு சருகுமான். நடுவர் கொக்கு. அதற்கு உயர நாற்காலியே தேவைப்படவில்லை, கால் போதும்!

கீரி பிரமாதமாக ஆடியது. இன்னும் ஒரே ஒரு புள்ளி எடுத்தால் மலைக்காடுதான். சருகுமான் தடுமாறி ஒரு பந்தைத் தூக்கிப் போட்டது. கண்ணை மூடிக்கொண்டு அடிக்கலாம், அவ்வளவு சுலபமான பந்து!

கீரி அடிக்கவில்லை. விரலைத் தூக்கியது.

"அவுட்!"

வாலையும் வீசிவிட்டது. பந்து துள்ளிக்கொண்டு பின்னால் போய்விட்டது.

கொக்கு நடந்து வந்து பார்த்தது. எல்லோரும் திகைத்துவிட்டார்கள். கீரி அழித்த இடம் கோட்டுக்கு வெளியே. அங்கே பந்து விழவே இல்லை! நிஜத் தடம் ஒரு சாண் உள்ளே பளிச்சென்று இருந்தது.

"உள்ளே! புள்ளி சருகுமானுக்கு!"

அடுத்த பந்தும் கோட்டருகே வந்தது. கீரியின் விரல் தானாக மேலே போனது. அதுவும் உள்ளே! அதற்கடுத்ததும் அப்படியே! இப்படியே புள்ளி புள்ளியாகப் போய் ஆட்டம் முடிந்தது. மலைக்காட்டு இடம் சருகுமானுக்குப் போய்விட்டது.

உடும்பு ஓடி வந்தது. "ஏன்டா அடிக்காம நின்னே? வலிய வந்து விழுந்த பந்துடா!"

"சத்தியமா வெளியே விழுந்துச்சு கோச்! என் கண்ணால பார்த்தேன்!"

உடும்புக்குச் சுருக்கென்றது. ஒரு பந்தை எடுத்துக் கோட்டுக்கு உள்ளே வைத்தது. "இது எங்கேடா இருக்கு?"

கீரி குனிந்து உற்றுப் பார்த்தது. "வெளியே," என்றது.

ஐயோ! அது பொய் சொல்லவில்லை. உடும்பு தலையில் கைவைத்து அங்கேயே உட்கார்ந்துவிட்டது.

ஊரை ஏமாற்றப் பொய் சொல்லிப் பழகினால், ஒருநாள் நம் கண்ணே நம்மை ஏமாற்றிவிடும்.