கதவு திறக்கும் பாடம்

“நல்லவேளை, மாட்டுக்குப் பயிலரங்கு வைக்கலை. வச்சிருந்தா இன்னிக்குப் பாலும் கிடைச்சிருக்காது.”

கலாசாலைக் கிணற்றடியில் ஒருத்தி இப்படிச் சொல்ல, கூட இருந்த பெண்கள் சிரித்தார்கள். அரண்மனை ஓலையோடு அந்த வழியாக வந்த பூங்கோதையின் காதில் அது விழுந்தது. அவள் மன்னர் மகிபாலருக்கு ஓலை எழுதுகிறவள். சபையில் வாய் திறப்பது அபூர்வம். எழுத்தாணி கீறும் சத்தம் கேட்டால்தான் அவள் இருப்பதே மற்றவர்களுக்குத் தெரியும்.

நின்று விசாரித்தாள்.

“நாங்க பதினொரு பேரும் பிரசவம் பார்க்கக் கத்துக்க வந்தவங்க அம்மா,” என்றாள் பால் பற்றிச் சொன்னவள். “எங்க ஊர்ப் பக்கம் மருத்துவச்சியே கிடையாது. மழை பிடிச்சா ஆறு வழி விடாது. அதுக்குள்ள திரும்பணும். பிள்ளை குறுக்கே கிடந்தா என்ன செய்யணும்ங்கிற பாடம் இன்னும் பாக்கி. வாத்தியாரம்மாவை இந்த மாசத்துல மூணாவது தடவையா உள்ளே உட்கார வச்சுட்டாங்க.”

பூங்கோதை சன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். பாதி ஊரைத் தன் கையில் ஏந்திப் பூமிக்குக் கொண்டுவந்த வாத்தியாரம்மா செங்கமலம், பயிற்சி விளையாட்டுக்காக இடுப்பில் நூல்கயிறு சுற்றி மற்ற ஆசிரியர்களோடு வட்டமாக உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொருவரும் தன்னை ஒரு பறவையாக நினைத்துக்கொண்டு அதை ஓலையில் எழுத வேண்டுமாம். செங்கமலம் எழுதியிருந்தாள்: ‘அடைகாக்க விடப்படாத கோழி.’

இந்தப் பயிலரங்குகளை நடத்துகிறவர் சர்வபோதகர். ஆசிரியர் அதிகம் பேசக்கூடாது என்பது அவர் கொள்கை. அதை அவர் மூன்று நாள் விடாமல் பேசி விளக்குவார்.

மறுநாள் அவர் சபைக்கு வந்தார்.

“மன்னா, அடுத்த வாரம் ஐந்து நாள் பயிலரங்கு. மூன்றாம் நாள் தாங்கள் வந்து பார்வையிட வேண்டும். ஆனால் ஒரு குறை. பாடம் நடத்துகிறேன் என்று சாக்குச் சொல்லி ஆசிரியர்கள் நழுவுகிறார்கள்.”

“பாடம் நடத்துவது சாக்கா?” என்றார் மன்னர்.

“பயிற்சி பெறாமல் நடத்தும் பாடம் என்ன பாடம் மன்னா?”

மன்னருக்குப் பதில் தெரியவில்லை. தெரியாதபோது ஆணையிடுவது அவர் வழக்கம். “எழுது பூங்கோதை. கலாசாலையில் வேலை பார்க்கும் எல்லோரும் பயிலரங்கில் உட்கார வேண்டும். முடியும்வரை இடத்தை விட்டு நகரக்கூடாது.”

எழுத்தாணி நின்றது. “எல்லோரும் என்றால், ஒருவர் விடாமலா மன்னா?”

சபையே திரும்பிப் பார்த்தது.

“ஒருவர் விடாமல்!” என்றார் சர்வபோதகர், மன்னரை முந்திக்கொண்டு. மன்னரும் தலையசைத்தார். பூங்கோதை அப்படியே எழுதினாள். ஓலையை எடுத்துப்போய்க் கலாசாலையில் நிறுத்தி நிதானமாகப் படித்தவளும் அவளேதான்.

மூன்றாம் நாள் உச்சிவெயிலில் மன்னர் பரிவாரத்தோடு வந்து இறங்கினார். கலாசாலைக் கம்பிக்கதவு உள்ளே தாழிட்டிருந்தது. பதினொரு பெண்களும் வெளியே சுவரோரம் குந்தியிருந்தார்கள்.

“திற!” என்று காவலர்கள் கத்தினார்கள். யாரும் வரவில்லை.

மன்னரின் நெற்றியில் வியர்வை வழிந்தது. “வாயிற்காவலன் மாடக்கண்ணு எங்கே? வேலைக்கு வரவில்லையா?”

“வந்திருக்கிறார் மன்னா,” என்றாள் பூங்கோதை. “கதவு திறக்கப் பயின்றுகொண்டிருக்கிறார்.”

“இருபது வருஷமாக இதே கதவைத் திறக்கிறவன்!”

“பயிற்சி பெறாமல் திறந்தாராம். நான்காம் நாள்தான் கதவு திறக்கும் பாடம். இன்றைக்குப் புன்னகை மட்டும்.”

“தாகமாக இருக்கிறதே. தண்ணீர் சேந்துகிறவள்?”

“அவர் கழுகு மன்னா. சமையல்காரர் மயில். காலையிலிருந்து அடுப்பு மூட்டவில்லை. ஒருவர் விடாமல் என்று ஆணை.”

மன்னர் கம்பிக்குள் முகத்தைப் புதைத்துப் பார்த்தார். முற்றத்துக்கு அப்பால், திறந்த மண்டபத்தில், மாடக்கண்ணு ஒரு கல்தூணைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான். பிறகு குனிந்து வணங்கினான். வலது கையை நீட்டித் தூணை உள்ளே அழைத்தான். தூண் வரவில்லை. மறுபடி சிரித்தான்.

“யார் அந்தத் தூண்?”

“அதுதான் தாங்கள், மன்னா.”

மன்னர் ஒரு கணம் தூணைப் பார்த்தார். பிறகு வெடித்துச் சிரித்தார். சிரிப்பு மண்டபம்வரை கேட்டது. சர்வபோதகர் பதறி ஓடிவந்தார்.

“மன்னா! குழு விவாதம் சற்றே நீண்டுவிட்டது. இதோ திறக்கிறேன்!”

தாழைப் பிடித்து இழுத்தார். அசையவில்லை. இடது தோளால் கதவை முட்டிக்கொண்டு இழுத்தால்தான் அந்தத் தாழ் வரும். அது மாடக்கண்ணுவுக்கு மட்டும் தெரிந்த வித்தை.

“மாடக்கண்ணு, வா இங்கே!” என்று மன்னர் கூவினார்.

“முடியிறவரைக்கும் இடத்தை விட்டு நகரக்கூடாதுன்னு உங்க ஓலை சாமி!” என்று மாடக்கண்ணு தூணருகே நின்றே கூவினான்.

மன்னர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “என்னை மாட்டிவிட்டாய் பூங்கோதை. என்ன பரிசு வேண்டும், கேள்.”

அவள் மடியிலிருந்து ஓர் ஓலையை எடுத்து நீட்டினாள். வகுப்பு உள்ள நாளில் ஆசிரியரை எந்தப் பயிற்சிக்கும் அழைக்கக்கூடாது. இன்று முதல் செல்லும் என்று எழுதி முடித்திருந்தது. முத்திரைக்கு மட்டும் இடம் விட்டிருந்தாள்.

“எப்போது எழுதினாய்?”

“முந்தைய ஓலை எழுதிய அன்றே, மன்னா.”

மன்னர் சிரித்துக்கொண்டே மோதிரத்தை அழுத்தினார். பூங்கோதை அதைக் கம்பி வழியே உரக்கப் படித்தாள். அவள் குரல் அத்தனை தூரம் கேட்டது அன்றுதான்.

மண்டபத்தில் முதலில் எழுந்தவள் செங்கமலம். இடுப்பு நூலை அவிழ்த்துப் போட்டாள். மூலையில் கிடந்த துணிப் பொம்மையை எடுத்துக்கொண்டு முற்றத்தைக் கடந்து வந்தாள். சர்வபோதகர் இன்னும் தாழோடு மல்லாடிக்கொண்டிருந்தார்.

“கொஞ்சம் தள்ளி நில்லுங்கய்யா,” என்றாள். கம்பிக்கு உட்புறம் தரையில் உட்கார்ந்து, பொம்மையை மடியில் குறுக்கே கிடத்தி, வெளிப்புறம் வந்து குந்திய பதினொரு பெண்களுக்கும் அதை எப்படித் திருப்புவது என்று காட்டத் தொடங்கினாள்.