கழுவாத கோப்பைகள்

புதுச்சேரியில் என் ஓட்டலுக்கு மலிவான சிலி நாட்டு ஒயின் மாதிரிக்கு வந்தது. மதிய விருந்தில் பிரெஞ்சு ஒயினோடு அதையும் தனித்தனிக் கோப்பைகளில் ஊற்றினோம்.

"இந்த விலைக்குப் புளிச்ச காடிதான்யா கிடைக்கும்!" என்று, விருந்து முடிந்ததும், அதைக் கொண்டுவந்த வியாபாரியிடம் கத்தினேன்.

கோப்பை கழுவும் செலஸ்தீன் குறுக்கிட்டாள். "நல்ல சரக்கு முதலாளி."

"குடிச்சியா?"

"இல்லீங்க."

"அப்போ குடிக்காமலே நிரூபி. இல்லேன்னா வேலை கிடையாது!"

கழுவாத கோப்பைகளைத் தூக்கிவந்தாள். பிரெஞ்சு ஊற்றியவற்றில் பாதி மிச்சம். சிலி ஊற்றியவை எல்லாம் காலி.

"நாக்கு விலை கேட்கலீங்க. சிலி ஊத்தின இந்தத் தங்க விளிம்புக் கோப்பை உங்களுதுதானே? இதுலயும் சொட்டு இல்லை."

வியாபாரி சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்புக்காக, ஜெயித்தவளையே அன்று வேலையை விட்டு அனுப்பினேன். ஒயினை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

இப்போது எதிர் ஓட்டலுக்கு ஒயின் தேர்ந்தெடுப்பது அவள்தான். பேரம் பேசியே பிழைத்த இந்த வாய்க்கு, சாலையைக் கடந்துபோய் ஒரு மன்னிப்புக் கேட்க இன்னும் வரவில்லை.