பெண்கள் குடிக்காத தண்ணீர்

பேருந்து நிலையத்தில் வேர்க்கடலை அவித்து விற்கும் தவமணிக்கு ஒரு சீடர் வாய்த்தார். குருவுக்கு வயது அறுபத்து மூன்று, சீடருக்கு அறுபது.

பேரூராட்சித் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற நடேசமூர்த்திதான் அவர். 'சார்' என்று கூப்பிட ஆளில்லாத வீட்டில் ஒரு மாதம் உட்கார்ந்து பார்த்தார். தாங்கவில்லை.

"இனிமே ஊருக்கு உழைக்கப்போறேன்மா. நீங்கதான் எனக்குக் குரு" என்று வந்து நின்றார்.

தவமணி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "கடலை வேணுமா சார்?" என்றாள்.

நாற்பத்தோரு ஆண்டுகளாகத் தவமணி வீட்டுக் கொல்லைக் கதவுக்குப் பூட்டு கிடையாது. பேருந்தில் வந்திறங்கும் பெண்ணின் முகம் சுளிப்பதை வைத்தே அவளுக்குப் புரிந்துவிடும். "வா தாயி" என்று கையைப் பிடித்து, இரண்டு தெரு தள்ளியிருக்கும் தன் வீட்டுக் கழிப்பறைக்குக் கூட்டிப்போவாள். வந்தவர்களின் சாதியை அவள் கேட்டதில்லை. அவளுடைய சொந்தக்காரர்கள் கேட்டார்கள். கேட்டுவிட்டு, அவள் வீட்டில் கை நனைப்பதையும் நிறுத்திக்கொண்டார்கள்.

பேருந்து கிளம்பிவிடுமோ என்று பயந்தவர்கள் மட்டும் அவளோடு போவதில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஆண்களுக்கு என்ன வந்தது? சுவர் இருக்கிறது.

நிலையத்தில் பெண்களுக்குக் கழிப்பறையே இல்லையா என்றால், இருக்கிறது. ரோஸ் வண்ணம் பூசி, பத்தொன்பது ஆண்டுகளாகப் பூட்டி இருக்கிறது. அமைச்சர் வந்து திறக்க வேண்டுமாம். கல்வெட்டில் பெயர் மூன்று தடவை மாறிவிட்டது. அமைச்சர்தான் வந்தபாடில்லை.

நடேசமூர்த்தி தம் சேவையைத் தண்ணீர்ப் பந்தலில் தொடங்கினார். அந்தக் கட்டடத்துக்கு நேர் எதிரே கீற்றுக்கொட்டகை, மூன்று பெரிய பானை, உள்ளே வெட்டிவேர். 'தாகம் தீர்ப்பது தர்மம்' என்று தம் கையாலேயே பலகையும் எழுதி மாட்டினார். முத்து முத்தான எழுத்து. ஊரில் அந்த எழுத்தைத் தெரியாதவர் கிடையாது.

பத்து நாள் ஆயிற்று. பதினோராம் நாள் காலை ஏழு மணிக்குக் குருவின் முன் வந்து நின்றார்.

"அம்மா, ஆம்பளைங்க குடிக்கிறாங்க. பொம்பளைங்க ஒருத்தர்கூட குடிக்க மாட்டேங்கிறாங்க. நேத்து ஒரு புள்ளத்தாச்சி வெயில்ல மயங்கியே விழுந்துட்டா. அப்பவும் வாயைத் திறக்கல. என் சேவையில என்னம்மா குறை?"

தவமணி எழுந்தாள். பந்தலுக்குப் போய் ஒரு சொம்பு மொண்டு வந்தாள்.

"குடிங்க."

குடித்தார். இன்னொரு சொம்பு வந்தது. அதையும் குடித்தார். மூன்றாவதைப் பார்த்துச் சிரித்தார்.

"சிரிக்காம குடிங்க சார். குடிச்சிட்டு அந்தப் பெஞ்சில உட்காருங்க. பதில் பன்னெண்டு மணிக்கு. நடுவுல எந்திரிக்கக் கூடாது."

இவ்வளவுதானா என்று உட்கார்ந்தார். எட்டு மணிவரை பேப்பர் படித்தார். ஒன்பது மணிக்குக் கால்மேல் கால் போட்டார். பத்துக்குக் காலை மாற்றிப் போட்டார். பத்தரைக்கு எழுந்து சுவரை நோக்கி நடந்தார்.

"சார்!" என்றாள் தவமணி. "சுவர் ஆம்பளைங்களுக்கு. என் சீடப்புள்ளைக்கு இல்ல."

"எனக்குச் சர்க்கரை இருக்கும்மா!"

"பஸ்ஸுல வர்றவளுக்கும் இருக்கு. உட்காருங்க."

நிலையமே சிரித்தது. அவர் உட்கார்ந்தார். நெற்றியில் வேர்வை துளிர்த்தது.

"ஒரு கதை சொல்றேன், நேரம் போகும்" என்று கடலையைக் கிளறியபடியே தொடங்கினாள். "ஒருத்தி இந்தப் பூட்டைக் கல்லால உடைக்கப் பார்த்தா. பதினேழு வருஷம் ஆச்சு. அரசாங்கச் சொத்தை நாசம் பண்ணிட்டான்னு ஆபீசிலேருந்து புகார் போச்சு. காலையில ஸ்டேஷன்ல பெஞ்சில உட்கார வெச்சாங்க. எந்திரிச்சா கேஸுன்னாங்க. அங்கேயும் பொம்பளைக்கு இடமில்ல. கேட்டா சிரிச்சாங்க. சாயங்காலம் நாலு மணி வரைக்கும் அடக்கிப் பார்த்தா. முடியல. சேலையோட போயிடுச்சு. நாப்பத்தாறு வயசு அவளுக்கு. அப்படியே இந்தக் கடைத்தெரு வழியா நடந்து வீட்டுக்குப் போனா."

நடேசமூர்த்தி கொதித்துப்போனார். "மனுஷனா அவன்! எவன் புகார் எழுதினது?"

தவமணி பந்தலில் தொங்கிய பலகையைப் பார்த்தாள்.

"அவ கிட்ட படிச்சுக் காட்டினாங்க சார். எழுத்து முத்து முத்தா இருந்துச்சு."

அவருக்கு வயிறு, வெயில், வேர்வை எல்லாம் மறந்துபோயிற்று. அன்றைக்கு நாற்பது தாள் எழுதியிருப்பார், அதில் அது ஒன்று. சாப்பாட்டு வேளைக்கு முன்னால் முடித்துவிட்டு, வீட்டுக்குப் போய் மோர் சாதம் சாப்பிட்டிருப்பார்.

அவர் கை தானாகச் சட்டைப் பைக்குள் போயிற்று. ஸ்கூட்டர் சாவி, வீட்டுச் சாவி, அதோடு இன்னொன்று. அந்த மூன்றாவது சாவியில் சிவப்பு ரிப்பன் சாயம் வெளுத்துத் தொங்கியது. அமைச்சர் கையில் கொடுப்பதற்காக அவரே கட்டிய ரிப்பன். சந்தனக் கறைகூட அதில் இன்னும் தெரிந்தது. ஓய்வு பெற்ற அன்று எல்லாச் சாவியையும் பட்டியல் போட்டு ஒப்படைத்தார். திறக்காத கட்டடம் பட்டியலில் இல்லை. அதனால் இதை யாரும் கேட்கவில்லை. அவருக்கும் நினைவில்லை.

"அம்மா... இது என்கிட்ட இருக்குன்னு..."

"தெரியும். தினமும் என் கடை முன்னாலதானே அந்தக் கொத்தை ஆட்டிக்கிட்டு வண்டி நிறுத்துறீங்க?"

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!"

"எத்தனை மனு சார்! எல்லாத்தையும் நீங்கதான் வாங்கி வெச்சீங்க."

அவர் எழுந்தார். நடக்க முடியாமல் நடந்து போய்ப் பூட்டில் சாவியை நுழைத்தார். துரு பிடித்திருந்தது. இரண்டு கையாலும் திருகினார். திறந்துகொண்டது. உள்ளே ஒட்டடையும் தூசியுமாக, ஒரு தடவைகூட நனையாத தரை.

"தண்ணி?" என்றார் திகைத்து.

"பானையைத் தூக்கிட்டு வாங்க."

"வெட்டிவேர் போட்ட தண்ணிம்மா! குடிக்கிறதுக்கு வெச்சது!"

"உள்ள ஊத்துங்க சார். குடிக்கிறது அப்புறம்."

மூன்று பானையும் உள்ளே போயின. தவமணி விளக்குமாற்றால் கழுவித் தள்ளினாள். வெட்டிவேர் வாசனை நிலையம் முழுக்கப் பரவியது. கடைசிப் பானையை இறக்கி வைத்த நடேசமூர்த்திக்கு, மறந்திருந்தது மொத்தமாகத் திரும்பி வந்தது. அவசரமாகக் கதவுக்குள் கால் வைத்தார்.

தவமணி விளக்குமாற்றைக் குறுக்கே நீட்டினாள்.

"அம்மா, உசிரு போகுது! இன்னும் எவ்வளவு நேரம்தான் பொறுக்கிறது?"

"பின்னாடி பாருங்க சார்."

திரும்பிப் பார்த்தார். கைக்குழந்தையோடு ஒருத்தி, காய்கறிக் கூடையோடு ஒருத்தி, பள்ளிச் சீருடையில் நாலு பேர், நேற்று மயங்கி விழுந்த பிள்ளைத்தாய்ச்சி. யார் சொல்லி வந்தார்களோ, வரிசை தண்ணீர்ப் பந்தலையும் தாண்டி நின்றது.

"அவங்க பத்தொன்பது வருஷமா நிக்கிறாங்க. நீங்க இப்பத்தான் வந்தீங்க."