எட்டு இல்லாத எண்

“எட்டு எழுதக் கை வரல, அம்மா. என்னை ஊருக்கு அனுப்பிடுங்க” என்றான் பூவராகன்.

ஆற்றங்கரையில் இருந்த கணக்கு மடம் அது. குரு திருநிலை அம்மையிடம் ஒன்பது சீடர்கள் படித்தார்கள். தினமும் காலையில் வரிசையாக உட்கார்ந்து, அவரவர் இட எண்ணை மணலில் எழுதுவார்கள். ஒன்று முதல் ஒன்பது வரை சேர்ந்து ஒரே பெரிய எண்ணாக நிற்கும். அதை வைத்துத்தான் அன்றைய கணக்கு.

“எல்லாரும் வந்தாச்சா?” என்று அம்மை கேட்பார்.

“வந்தாச்சு, அம்மா” என்று கடைசி ஆள் சொல்ல வேண்டும். அந்தக் கடைசி ஆள் பூவராகன்.

அவன் பக்கத்து இடம் சேந்தனுடையது. எட்டாவது இடம். பத்து நாள் காய்ச்சலில் சேந்தன் போய்விட்டான்.

ஒருவர் போனால் அடுத்தவர் அந்த இடத்துக்கு நகர வேண்டும் என்பது மடத்து வழக்கம். வழக்கம் போட்ட மகானுக்கு நண்பர்களே இருந்ததில்லை போலும்.

“நான் எட்டு எழுதிட்டா, அவன் இல்லவே இல்லன்னு ஆயிடும்.”

“நகர வேண்டாம். ஒன்பதே எழுது. இன்னிக்குக் கணக்கை முடிச்சிட்டுப் போ.”

எழுதினான்.

12345679.

முதல் இடத்துக்காரன் கோளரிக்குப் பொறுக்கவில்லை. “எண்ணு மூளியா நிக்குதே, அம்மா!”

“நிக்கட்டும். பூவராகா, பெருக்கு.”

“எதால?”

“நாம எத்தனை பேரோ அதால.”

“எட்டாலயா?”

“ஒன்பதால” என்றார் அம்மை.

வலது ஓரத்திலிருந்து தொடங்கினான்.

“ஒன்பது ஒன்பது எண்பத்தொண்ணு. ஒண்ணு போட்டு, கையில எட்டு...”

நின்றுவிட்டான். தன் கையைப் பார்த்தான்.

“ம். மேலே போ.”

“ஏழொன்பது அறுபத்துமூணு. கையில இருக்கிற எட்டையும் சேர்த்தா எழுபத்தொண்ணு. ஒண்ணு போட்டு, கையில ஏழு.”

அடுத்ததும் ஒன்று. அதற்கடுத்ததும் ஒன்று. அவன் குரல் தேய்ந்துகொண்டே வந்தது. மற்றவர்கள் எழுந்து வந்து சுற்றி நின்றார்கள்.

111111111.

“எண்ணிப் பாரு.”

விரல் வைத்து எண்ணினான். ஒன்பது. நம்பாமல் மறுபடி எண்ணினான். எட்டுப் பேர் எழுதிய எண்ணைப் பெருக்கியதில் ஒன்பது ஒன்றுகள் நின்றன. ஒன்றுக்கொன்று வித்தியாசமே இல்லை.

ஆற்றுப் பக்கம் பார்த்தபடி அம்மை கேட்டார்.

“எல்லாரும் வந்தாச்சா?”

பூவராகன் தன் இடத்தில் போய் உட்கார்ந்தான்.

“வந்தாச்சு, அம்மா.”