வண்டிச் சத்தத்தில் ஆளுக்கொரு பங்கு

கீழவிரிசம்பட்டிக்காரர்களிடம் ஒரு வேலையைச் சொன்னால் சொன்னபடியே செய்வார்கள். அவர்களிடம் உள்ள தொந்தரவே அதுதான்.

அந்த ஊர் வெயிலுமுத்துவிடம் ஒரு பிக்கப் வண்டி உண்டு. மதுரைக்குக் கொண்டுபோய் இன்ஜினுக்கு வேகம் ஏற்றி, குடம் பருமனுக்கு சைலன்சர் மாட்டி வைத்திருந்தான். கிளம்பினால் ரோட்டோரத்துக் கோழிகள் எல்லாம் வேலிக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொள்ளும்.

அவனுக்கு வாகைக்குளத்துச் சொர்ணத்தைப் பேசியிருந்தார்கள். பெண்ணின் அப்பா பேச்சிமுத்து பஸ் ஓட்டி ஓய்வானவர். கறாராகச் சொல்லிவிட்டார்: "ஏதோ வித்தை பண்ணின வண்டியாமே. நிச்சயத்துக்கு அதுலயே வாங்க. ஒரு கோளாறுச் சத்தம் கேட்டாலும் தட்டைத் திருப்பி எடுத்துட்டுப் போயிரணும். வண்டியைக் கெடுக்கிறவனுக்கு நான் பொண்ணு கொடுக்க மாட்டேன்."

அந்த நாளும் வந்தது. தட்டெல்லாம் ஏற்றியாயிற்று. வெயிலுமுத்துவின் அம்மா அடுப்படியில் இருந்தபடியே, "ஏலே, மறக்காம வண்டிக்கு ஒரு தேங்காய் போட்டுட்டுக் கிளம்புங்க" என்றாள்.

உடைக்கச் சொல்லவில்லையே! தம்பி முறைக்காரன் இசக்கி, தட்டில் இருந்த முழுத் தேங்காயை எடுத்தான். பானட்டைத் திறந்து இன்ஜின் பக்கத்தில் போட்டான். ஒரு கும்பிடும் போட்டு மூடினான்.

வெயிலுமுத்து ஓட்ட, பக்கத்தில் இசக்கி. பின்னால் சித்தப்பா சுடலைமணியும் மச்சான் மாடக்கண்ணும். பாலத்து வளைவில் வண்டி திரும்பியதும், 'கடமுடா' என்றது.

வெயிலுமுத்து வண்டியை நிறுத்தினான். மெக்கானிக் மிக்கேலுக்குப் போன் போட்டான்.

"சத்தம் எந்த இடத்துல வருதுன்னு பாரு. சாக்பீஸால ஒரு குறி போட்டு வை" என்றார் மிக்கேல்.

வண்டியைப் பின்னால் எடுத்து மறுபடி ஓட்டினார்கள். அதே வளைவில் 'கடமுடா'. சுடலைமணி இறங்கி, பக்கத்துப் பெட்டிக்கடையில் சாக்பீஸ் வாங்கி, தார் ரோட்டில் பெரிய வட்டமாகப் போட்டார்.

"இந்த இடத்துலதான் இருக்கு. வண்டி மேல தப்பில்ல" என்றார்.

"அப்ப ரோட்டுக்குத்தான் மெக்கானிக் வேணும்" என்றான் மாடக்கண்ணு.

மறுபடி மிக்கேலுக்குப் போன். "பானட்டைத் தூக்கிப் பாருங்கய்யா!" என்றார். இசக்கி தூக்கிப் பார்த்தான்.

"என்னல இருக்கு?"

"தேங்காய் இருக்கு, சித்தப்பா."

"பத்திரமா இருக்கா?"

"வச்சபடியே இருக்கு."

"பின்ன என்ன, சாமி துணை இருக்கு. கோளாறு வேற எங்கயோ. மூடுல."

வளைவு தாண்டினால் குண்டும் குழியுமான ரோடு. கடமுடா, கடமுடா என்று ஓயாமல் கேட்டது. வெயிலுமுத்து அழாத குறையாக மூன்றாவது தடவை போன் போட்டான். மிக்கேல் சாப்பிடப் போயிருந்தார். அவருடைய அப்பா எடுத்தார். மாட்டுவண்டி காலத்து மனுஷன். அவருக்கு வண்டிச் சத்தம் என்றால் வாடகைதான்.

"தாத்தா, வண்டிச் சத்தம் ரொம்ப அதிகமா இருக்கு! தாங்க முடியல!"

"டீசல் விக்கிற விலைக்குக் கூடத்தான் இருக்கும். ஒருத்தன் தலையில கட்டாதீங்க. ஏறின ஆளெல்லாம் பங்கு போட்டுக்கங்க" என்று வைத்துவிட்டார்.

வண்டியை ஓரம் கட்டி யோசித்தார்கள்.

"ஞாயமான பேச்சு. பாவம், வண்டி ஒத்தையாச் சுமக்குது" என்றார் சுடலைமணி. "நான் 'கட' எடுத்துக்கிடுதேன். மாடக்கண்ணு, நீ 'மு'."

"எனக்கு?" என்றான் இசக்கி.

"நீ சின்னப்பய. 'டா' மட்டும் போதும்."

இப்படியாக வாகைக்குளத்துத் தெருவில் வண்டி நுழைந்தபோது, மூன்று பேரும் தொண்டை கிழிய 'கட – மு – டா' என்று கத்திக்கொண்டு வந்தார்கள். இன்ஜின் பக்கமிருந்து ஒரு பொட்டுச் சத்தம் காதில் விழவில்லை.

பேச்சிமுத்து வாசலில் நின்றார். "என்னய்யா இது? வண்டியில சத்தமா?"

"வண்டியில இல்ல மாமா" என்றான் வெயிலுமுத்து பெருமையாக. "எல்லாத்தையும் எங்க ஆளுக வாங்கிக்கிட்டாக."

அதற்குள் பொம்பிளைகள் தட்டைப் பார்த்துவிட்டு, "தேங்காயைக் காணோமே! அபசகுனமாச்சே!" என்று கூடிவிட்டார்கள்.

"காணாம எங்க போச்சு? வண்டிக்குப் போட்டிருக்கோம்" என்றான் இசக்கி.

பேச்சிமுத்து பானட்டைத் திறந்தார். சுடச்சுடத் தேங்காயை வெளியே எடுத்தார். இன்ஜினை ஓடவிட்டுக் காது வைத்துக் கேட்டார். கோளாறுச் சத்தம் இல்லாமல் சீராக உறுமியது. தேங்காயையும் நாலு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

ஜன்னலில் இருந்து சொர்ணம் சொன்னாள்: "அப்பா, நீங்க வண்டியிலதான சத்தம் கேக்கக் கூடாதுன்னீங்க? வண்டி நல்லாத்தான இருக்கு?"

"வண்டி நல்லாத்தாம்மா இருக்கு" என்றார் அவர் பெருமூச்சோடு. பூ வைத்தார்கள்.

திரும்பும்போது வண்டியில் 'கடமுடா' கேட்கவே இல்லை. ஆனாலும் பங்கை விடாமல் கத்திக் கத்தி மூன்று பேருக்கும் தொண்டை கட்டிவிட்டது.

"மாப்ள, வண்டி ஏமாத்துது" என்றான் மாடக்கண்ணு. "அது பங்கையும் நாமளே போடுதோம்."

இசக்கிக்குத்தான் உறைத்தது. "தேங்காயைத் தட்டுக்குக் கொடுத்துட்டோம்லா! பெரியம்மா வண்டிக்குப் போடச் சொன்னது என்னாச்சு?"

சம்பந்தி வீட்டுத் தாம்பூலப் பையில் ஒரு தேங்காய் இருந்தது. பாலத்துக்கு முன்னால் நிறுத்தி, பயபக்தியோடு பானட்டுக்குள் போட்டார்கள்.

வளைவில் திரும்பினார்கள். சாக்பீஸ் வட்டத்து மேலே சக்கரம் ஏறியதும், 'கடமுடா!'

சுடலைமணி நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"பார்த்தீங்களால? நம்ம ஊர்க்காரன் நாணயஸ்தன். சத்தம் வச்ச இடத்துலயே இருக்கு, ஒருத்தனும் தொடலை."